தடுப்பூசியும் விளையாட்டு வீரரும்: ஐயமும் தெளிவும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். காதில் விழும் செய்தியை ஆராய்ந்து, கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளும் ஆற்றலே கல்வியின் பயன். ஆதலின், நம் இளைஞர் உள்ளத்தை இன்றும் அலைக்கழிக்கும் கேள்வி ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

அரூரிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் விடியற்காலையில் நம் பிள்ளைகள் ஓடுகிறார்கள். சிலர் காவலர் தேர்வுக்காக, சிலர் படைத் தேர்வுக்காக, சிலர் கபடிக்காக. அவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்: "ஐயா, கொரோனா தடுப்பூசி போட்டவர்களுக்கு ஓடும்போது மாரடைப்பு வருகிறதாமே? பெரிய பெரிய வீரர்களே ஆடுகளத்தில் விழுந்தார்களாமே?"

கேட்பது தவறன்று. கேள்வி கேட்கும் உரிமையே தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட மக்கள் நாம். ஆனால் கேட்ட கேள்வியை விடை வரையில் கொண்டு செல்லவேண்டும். பாதி வழியில் விடப்பட்ட கேள்வி வதந்தியாகிவிடும்.

முதலில் நம் நாட்டு நிகழ்ச்சியை நோக்குவோம். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் நாள் உயிர் பிரிந்தது. ஊசியே காரணம் என்று ஊரெங்கும் பேச்சு எழுந்தது. ஆனால் இதயத்திற்குச் செல்லும் முதன்மையான இரத்தக்குழாய் ஒன்றில் முழு அடைப்பு இருந்ததை மருத்துவர்கள் கண்டனர். அதற்கு அடிப்படையான கொழுப்புப் படிவு ஓர் இரவில் உண்டாவதன்று. பின்னர் ஒன்றிய அரசின் ஆய்வுக் குழுவும் ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்றே முடிவு செய்தது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்வது வேறு. ஒன்றால் மற்றொன்று நிகழ்வது வேறு.

இனி வீரர்களிடம் வருவோம். டென்மார்க்குக் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்தார். அப்பொழுதும் பழி ஊசியின் மேல் விழுந்தது. அவர் தடுப்பூசியே போட்டிருக்கவில்லை என்று அவர் ஆடிய இன்டர் மிலான் கழகம் தெரிவித்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் 2023 ஜனவரி 2 அன்று விழுந்தார். துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் மார்பின் மேல் பட்ட அடியே அதற்குக் காரணம். உடனே கிடைத்த முதலுதவியால் இருவரும் பிழைத்து மீண்டும் ஆடினர்.

அப்படியானால் தடுப்பூசியால் தீங்கே இல்லையா? உண்டு, அதனை மறைத்தல் அறமாகாது. ஃபைசர், மாடர்னா ஊசிகளால் இளம் ஆடவர் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி உண்டானது. பத்து லட்சம் பேரில் சில பத்துப் பேருக்கு நேர்வது அது, பெரும்பாலோர் நலமடைந்தனர். அவ்விரு ஊசிகளும் நம் நாட்டு அரசு முகாம்களில் போடப்பட்டவை அல்ல. நாம் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறைதல் நேரும் என்பது 2021லேயே அறியப்பட்டது. ஆனால் கொரோனா நோயும் இதயத்தைத் தாக்கும். இரத்தத்தையும் உறையச் செய்யும். அது நேரும் அளவோ ஊசியினும் மிகுதி.

சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் தலைமையில் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. 18 முதல் 45 வயது வரையுள்ளோரின் திடீர் இறப்புகளை அது ஆராய்ந்தது. தடுப்பூசி அவ்வாபத்தைக் கூட்டவில்லை எனக் கண்டது. குடும்பத்தில் திடீர் இறப்பு நேர்ந்திருத்தல், கொரோனாவால் மருத்துவமனையில் கிடந்திருத்தல், அளவுமீறிய குடி, இறப்பதற்குச் சற்று முன்னர்ச் செய்த கடும் உடலுழைப்பு ஆகியவையே ஆபத்தைக் கூட்டின. ஓடும் பிள்ளைகள் இதனை நெஞ்சில் இருத்திக்கொள்க.

டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச் ஊசியை மறுத்தார். 2022 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். அவர் இழந்தது சில போட்டிகளை. அவர் அருகில் மருத்துவர் இருக்கிறார், செல்வம் இருக்கிறது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்லும் நம் தம்பி நோயில் விழுந்தால் அன்றைய கூலி போகும்; அடுப்பு அணையும்; கடன் வீட்டுக்குள் நுழையும். செல்வர் காட்டும் துணிவை ஏழை கடன் வாங்கிக் காட்டலாகாது.

நம் அண்டை மாவட்டமாம் சேலத்தின் மைந்தர் மாரியப்பன் தங்கவேலுவை எண்ணுங்கள். 2021 ஆகஸ்டில் டோக்கியோ மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாட்டின் கொடியை ஏந்த வேண்டியவர் அவர். விமானத்தில் உடன்வந்த ஒருவருக்குக் கொரோனா இருந்ததால் அவர் தனிமைப்படுத்தப்பட்டார். கொடியை வேறொருவர் ஏந்தினார். பின்னர் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார் என்பது நமக்குப் பெருமை. எனினும், தம்மைத் தொடாத நோயே அவர் கையிலிருந்து கொடியை வாங்கிவிட்டதன்றோ!

இன்னொன்றும் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவர் கையிலிருந்து அம்மைப்பால் எடுத்து மற்றொருவர்க்குக் குத்தினர். தாழ்த்தப்பட்டோர் குழந்தையின் கையிலிருந்து எடுத்தது வேண்டா என்று மேல்சாதியார் பலர் மறுத்தனர். மருந்திலும் சாதி பார்த்த நாடு இது. ஆகவே அரசு தருவதை ஐயுறும் வழக்கம் நம் மக்களிடம் இருப்பின், அதற்கு வரலாறு உண்டு. ஆயினும் அந்த ஐயம் நம் குழந்தைக்கு மருந்து சேராமல் தடுக்குமானால், அன்றைய அநீதியை இன்று நாமே நமக்கு இழைத்தவராவோம்.

இளைஞர்களே! ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். காய்ச்சல் தணியும்வரை ஓட்டத்தை நிறுத்துங்கள். நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ, மயக்கமோ தோன்றினால் வீரம் காட்டாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஊசிக்குப் பின் தீங்கு நேர்ந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அறிவித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. விழுந்தவரின் மார்பை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவியை ஒவ்வொரு விளையாட்டுக் குழுவும் கற்கட்டும். அப்பயிற்சியை நம் சங்கமே இவ்வாண்டு தொடங்குமாயின், வெள்ளி விழாவுக்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் இல்லை.