பிள்ளையின் காதும் பேச்சும்



இந்த நூற்றாண்டு விழாவில் கூடியிருக்கும் எம்மில் பலர் இன்று அம்மம்மாக்கள், அப்பம்மாக்கள். "பேரனுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம் என்று குழம்பிவிட்டான். தமிழை நிறுத்திவிட்டோம்" என்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம்மவர் சொல்லக் கேட்கிறோம்.

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு உண்டாவதில்லை. பேச்சுப் பிந்தினால் முதலில் சோதிக்கவேண்டியது காதை.

நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய் சிறுபிள்ளைகளில் குட்டையானது, சரிவும் குறைந்தது. தடிமன் வந்தால் எளிதில் அடைபடும். காதுவலியும் காய்ச்சலும் மாறிய பின்னரும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி நிற்கலாம். அப்போது வலி இராது. ஆனால் காதை விரலால் அடைத்தாற்போல் எல்லாம் மந்தமாகக் கேட்கும். ஒரு கிழமை கேட்கும், மறு கிழமை கேளாது. பாவம், 'சொல்வழி கேளாத பிள்ளை' என்று பேர் வாங்கிவிடும்.

தமிழிலோ ஆண், பெண் வேறுபாடு கூடச் சொல்லின் கடைசியில்தான் இருக்கிறது. 'வந்தான்', 'வந்தாள்' இரண்டையும் பிரிப்பது ஓர் எழுத்து. மந்தமாகக் கேட்கும் காதில் அது நழுவிவிடலாம்.

பெரும்பாலும் இந்த நீர் 3 மாதங்களுக்குள் தானாகவே வற்றிவிடும். வற்றாவிட்டால் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் செவிப்புலனைச் சோதித்து, தேவையெனில் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பார். பிறவிக் கேளாமை என்றால் காத்திருத்தல் கூடாது. பிறந்து 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் நிர்ணயம், 6 மாதத்துக்குள் உதவி என்பது பல நாடுகளில் ஏற்கப்பட்ட நெறி. பிறந்தபோது சோதனையில் தேறிய பிள்ளைக்கும் பின்னர் நீர் தேங்கலாம் என்பதை மறவாதிருப்போம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில. தாய்ப்பால் காதுத் தொற்றைக் குறைக்கிறது. சிகரெட் புகை கூட்டுகிறது. வலிக்கும் காதுக்குள் எண்ணெய் விடவேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தீங்காகும். ரீவியை நிறுத்திவிட்டு, அருகில் இருந்து, முகம் பார்த்துக் கதைப்போம்.

எம்மில் ஆசிரியைகளாய் இருப்போர், கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை ஏசுமுன் முன்வாங்கில் இருத்திப் பார்ப்போம், பெற்றோருக்கும் சொல்வோம். பேரப்பிள்ளையோடு தமிழில் கதைப்பதை எவரும் நிறுத்தவேண்டாம். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, "காதைச் சோதித்தீர்களா?" என்று மகளிடம் கேட்போம்.