450 ரூபாய் ரீஃபண்ட், வந்தது நாலரை ரூபாய்: ஏஜென்ட் படிக்கிற டாக்குமென்டுக்கு மார்க் போடுறது எப்படி?

இன்னிக்கு நான் பண்ணின ஒரு சொதப்பலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில கஸ்டமர் சப்போர்ட்டுக்கு ஒரு ஏஐ ஏஜென்ட் கட்டினோம். ஆர்டரைத் தேடுறது, ஸ்டேட்டஸ் சொல்றது, ரீஃபண்ட் போடுறதுன்னு அதுக்குச் சில டூல்ஸ் குடுத்திருந்தோம். ஒருத்தருக்கு 450 ரூபாய் திரும்பப் போகணும். போனது 4 ரூபாய் 50 பைசா. அதோட விட்டுதா? "உங்கள் 450 ரூபாய் அனுப்பப்பட்டது"ன்னு ரொம்ப மரியாதையா மெசேஜும் போட்டிருந்தது. அவர் திரும்ப எழுதினார்: "என்ன, கிண்டலா?"

டீம்ல எல்லாரும் மாடலைத் திட்டினோம். வேற மாடலுக்கு மாறிடலாம்னு பேச்சு வந்துச்சு. அப்புறம் அந்த டூலோட விளக்கத்தைத் திறந்து பார்த்தேன். "அமௌன்ட்: ரீஃபண்ட் தொகை." அவ்வளவுதான். ரூபாயா, பைசாவான்னு எங்கேயும் இல்லை. எழுதினது யாரு? நான்தான்.

பேமென்ட் ஏபிஐ பல இடத்துல பணத்தை மிகச் சின்ன அலகிலதான் கேட்கும். தசமப் புள்ளி கணக்குல வர்ற ரவுண்டிங் சிக்கலைத் தவிர்க்க முழு எண்ணா வச்சிப்பாங்க. ஸ்ட்ரைப் டாக்குமென்ட்ல பார்த்தீங்கன்னா, 100ன்னு குடுத்தா ஒரு டாலர், ஆனா ஜப்பான் யென்னுக்கு அதே 100ன்னா 100 யென்தான்னு அந்தப் பேராமீட்டர் விளக்கத்துலயே உதாரணத்தோட இருக்கும். நான் அந்த ஒரு வரியை எழுதலை.

இதே டாக்குமென்டை ஒரு புது டெவலப்பர் படிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? "அண்ணா, இது ரூபாயா பைசாவா?"ன்னு பக்கத்து சீட்ல கேட்டிருப்பார், இல்லேன்னா பழைய கோடைப் பார்த்திருப்பார். ஏஜென்ட்டுக்குப் பக்கத்து சீட் கிடையாது. 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலை எடுத்துக்கோங்க. ஒரு டூலைப் பத்தி மாடலுக்குப் போற முக்கியமான விஷயம் மூணுதான்: பேர், விளக்கம், இன்புட் ஸ்கீமா. அதுல இல்லாததைப் பெரும்பாலும் அது யூகிச்சு நிரப்பிட்டுப் போயிட்டே இருக்கும். ஸ்கீமா காப்பாத்துமா? "முழு எண் வேணும்"னு மட்டும் சொல்லியிருந்தா, 450ம் முழு எண்தானே. செக் பாஸ்.

சரி, ஒரு டாக்குமென்ட் நல்லா இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? படிச்சுப் பார்த்து "சூப்பரா இருக்கு"ன்னு சொல்றது போதாது. இன்னொரு மாடல்கிட்ட குடுத்து பத்துக்கு எத்தனைன்னு மார்க் போடச் சொல்றதும் போதாது. வழவழன்னு அழகா எழுதினதுக்கு அது நல்ல மார்க் போட்டுடும். ரெசிபி நல்லா இருக்கான்னு தெரியணும்னா சமைச்சுதான் பார்க்கணும், இல்லையா?

நாங்க பண்ணினது இதுதான். நிஜ கஸ்டமர்கள் கேட்ட மாதிரியே 20 வேலைகளை எழுதினோம். ஒவ்வொன்னுக்கும் சரியான முடிவு என்னன்னு முதல்லயே குறிச்சு வச்சோம். டெஸ்ட் சிஸ்டத்துல ஏஜென்ட்டை ஓட விட்டு மூணு கேள்வி கேட்டோம். சரியான டூலை எடுத்துச்சா? சரியான மதிப்பைக் குடுத்துச்சா? கடைசியில டேட்டாபேஸ்ல இருக்கிறது சரியா? மூணாவதுதான் முக்கியம். ஏஜென்ட் "முடிஞ்சுது"ன்னு சொல்றதை நம்பக்கூடாது, நாலரை ரூபாய் வாங்கினவரைக் கேளுங்க.

ஒரே வேலையை ஒரு தடவை மட்டும் ஓட்டாதீங்க. ஒரு தடவை சரியா வரும், அடுத்த தடவை சொதப்பும். அஞ்சு தடவையாவது ஓட்டுங்க. அப்புறம் மாடலையும் கோடையும் தொடாம விளக்கத்தை மட்டும் மாத்தி மறுபடி ஓட்டுங்க. அப்பதான் வித்தியாசம் டாக்குமென்டால வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியும். நாங்க பேராமீட்டர் பேரையே "அமௌன்ட் பைசாவில்"னு மாத்தி, "450 ரூபாய்க்கு 45000"னு ஒரு உதாரணம் சேர்த்தோம். ரீஃபண்ட் வேலைகள் எல்லாம் தேறிடுச்சு.

நாங்க தடுக்கி விழுந்த இடங்களையும் சொல்லிடறேன். ஒண்ணு, டூலைக் கூப்பிடக் கூடாத வேலைகளையும் லிஸ்ட்ல வைங்க. "ரீஃபண்ட் ரூல்ஸ் என்ன?"ன்னு கேட்டா பதில் சொல்லணும், பணத்தை அனுப்பிடக் கூடாது. ரெண்டு, எரர் மெசேஜும் டாக்குமென்ட்தான். "தப்பான இன்புட்"னு வந்தா ஏஜென்ட் அதையே திரும்பத் திரும்ப முட்டும். "தேதி 2025-03-09 மாதிரி வருஷம், மாசம், நாள் வரிசையில வேணும்"னு வந்தா பெரும்பாலும் அடுத்த முயற்சியிலேயே திருத்திக்கும். மூணு, பயத்துல எல்லாத்தையும் எழுதித் தள்ளாதீங்க. ஒவ்வொரு வரியும் கான்டெக்ஸ்ட்ல இடம் பிடிக்கும், காசும் ஆகும். நாலு, 20 வேலையில அஞ்சைத் தனியா ஒதுக்கி வைங்க, டாக்குமென்டைத் திருத்தும்போது அதைப் பார்க்காதீங்க. இல்லேன்னா கேள்வித்தாளைப் பார்த்துட்டுப் படிச்ச கதைதான்.

கடைசியா ஒண்ணு. டாக்குமென்ட் ஒரு வழிகாட்டிப் பலகைதான், பூட்டு கிடையாது. எங்க தப்பு எதிர்ப்பக்கம் நடந்திருந்தா? டூல் ரூபாயை எதிர்பார்த்து, ஏஜென்ட் பைசான்னு நினைச்சு 45000 போட்டிருந்தா? ஆர்டர் தொகையைத் தாண்டி ரீஃபண்ட் போகக் கூடாதுங்கிற தடை கோட்லதான் இருக்கணும். அதையும் அன்னிக்குத்தான் சேர்த்தோம்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை பண்ணுங்க. நீங்க எழுதின ஏதாவது ஒரு டூலோட விளக்கத்தை மட்டும், அந்த ப்ராஜெக்ட்டே தெரியாத ஒரு ஃப்ரெண்டுக்கு அனுப்புங்க. அவங்க உங்களைத் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி எதுவோ, உங்க ஏஜென்ட் யூகிச்சுட்டிருக்கிற இடம் அநேகமா அதுதான்.

அந்த கஸ்டமருக்கு மிச்சம் 445 ரூபாய் 50 பைசாவும் போயிடுச்சு, கவலைப்படாதீங்க.