மேட்டில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று

மலேசியாவில் தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் பழைய மலைச்சாலை முழுக்க வளைவு. இங்கே பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளின் எண்ணெய் (பெட்ரோல்) முள் மேட்டில் ஒன்று சொல்லும், இறக்கத்தில் வேறொன்று சொல்லும். அது கோளாறு இல்லை. வண்டி சாய்ந்தால் தொட்டிக்குள் எண்ணெயும் சாய்கிறது, அவ்வளவுதான்.

சமதரையிலும் முள் அசையவில்லையா? அப்போது மிதவையைப் பார்க்க வேண்டும்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பந்து மிதக்குமே, அதே வேலைதான். எண்ணெய் இறங்கினால் மிதவை இறங்கும். அதன் கம்பி ஒரு மெல்லிய சுருளின் மேல் உரசி நகரும். மின்சாரம் கூடிக் குறையும், முள் நகரும்.

முதலில் மிதவையின் ஒயர் முனையைப் பாருங்கள். மலைப் பனியின் ஈரத்தில் அங்கே பச்சைக் களிம்பு பிடிக்கும், குத்துவிளக்கில் பிடிப்பதுபோல. சுரண்டித் துடைத்தாலே சில வண்டிகளில் முள் உயிர் பெற்றுவிடும். இல்லையென்றால் மிதவையைக் கழற்றி, காதருகே குலுக்குங்கள். உள்ளே எண்ணெய் சலசலத்தால் ஓட்டை, மாற்றத்தான் வேண்டும். வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். பக்கத்தில் சிகரெட் கூடாது.

முள் சரியாகும்வரை, தொட்டி மூடியைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டு மலையேறுங்கள்.