எந்த வயதுக்கு எந்தப் புத்தகம்?

பிறந்தநாளுக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் சிறுவர்களுக்குப் புத்தகம் பரிசளிக்கும் நல்ல வழக்கம் நம்மிடையே உண்டு. அப்படிக் கொடுத்தவற்றுள் எத்தனை படிக்கப்பட்டன என்று பின்னர்ப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. பல புத்தகங்கள் அட்டை கசங்காமல் அலமாரியிலேயே இருந்துவிடுகின்றன. பிள்ளை எப்படி ஆக வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்பட்டார்களோ, அந்த ஆசைக்காக வாங்கியவை அவை. பிள்ளை இன்று எதற்குச் சிரிக்கிறான், எதைக் கண்டு வியக்கிறான் என்று பார்த்து வாங்கியவை அல்ல.

இதனைப் பெற்றோர்களுக்குச் சொல்வதைக் காட்டிலும் மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்வதே பயனுடையது என்று எண்ணுகிறேன். உங்கள் வீட்டில் தம்பி தங்கையர் இருக்கலாம். அக்காள் பிள்ளைகளோ பக்கத்து வீட்டுச் சிறுமியோ இருக்கலாம். எட்டு வயதில் எந்தக் கதை இனித்தது, எந்தப் பக்கத்தில் கொட்டாவி வந்தது என்பதெல்லாம் நாற்பது வயதுத் தந்தைக்கு மறந்திருக்கும். பதினாறு வயது அண்ணனுக்கு அவ்வளவு விரைவில் மறந்திராது. அந்த நினைவே நல்ல தேர்வுக்கு முதல்.

மிகச் சிறிய குழந்தைகளின் நிலையை முதலில் பார்ப்போம். தமிழ்க் குழந்தைக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அதைப் பலர் கருதுவதே இல்லை. அது பேசும் தமிழ் வேறு. அச்சில் உள்ள தமிழ் வேறு. “வந்துட்டான்” என்று சொல்லிப் பழகிய ஐந்து வயதுக் குழந்தை, “வந்துவிட்டான்” என்ற சொல்லைப் புத்தகத்தில் காணும்போது, எழுத்துக் கூட்டத் தெரிந்தும் தயங்குகிறது. ஆகவே அந்த வயதில் புத்தகம் கண்ணுக்கு உரியது என்பதைவிடக் காதுக்கு உரியது என்பதே பொருந்தும். ஒருவர் படிக்க, குழந்தை பக்கத்தில் அமர்ந்து படம் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டு ஏட்டுத் தமிழின் ஓசை பழகிய பிறகே அது தானாகப் படிக்கத் துணியும்.

ஓசையைப் பழக்குவதில் பாட்டுக்கு இணை வேறில்லை. பாரதியார், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, அழ. வள்ளியப்பா ஆகியோர் குழந்தைகளுக்காகப் பாடியவை பல தலைமுறைகளாக நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம். எளிய சொற்களை எதுகை தானே வந்து நினைவில் ஏற்றிவிடுகிறது. இவ்வயதுக்கு ஒரு நூலை வாங்குமுன், கடையிலேயே ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் நாவே இடறினால் அது குழந்தைக்கு ஆகாது. “சொல்லிக்கொண்டிருந்தானென்பதை” என்பது போல் நான்கு சொற்களை ஒட்டவைத்து அச்சிட்ட நூல்களையும் ஒதுக்கிவிடலாம். சந்தி இலக்கணத்துக்கு அது சரியாக இருக்கும். குழந்தையின் கண்ணுக்குச் சரிப்படாது.

ஏழு முதல் ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தங்களைவிட அறிவில் குறைந்தவர்களைக் கண்டால் அளவிலாத மகிழ்ச்சி. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குருவின் கதையை இவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். ஆற்றைக் கடந்தபின் எண்ணிப் பார்க்கும் சீடன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒருவர் குறைகிறார் என்று எல்லோரும் அழுகிறார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலைக்கு வாங்குகிறார்கள். இந்த இடத்தில் பெரியவர்கள் புன்னகை செய்வார்கள். இரண்டாம் வகுப்பு மாணவனோ வயிறு வலிக்கச் சிரிப்பான். அண்மையில்தான் அவன் எண்ணக் கற்றிருக்கிறான். ஒரு குருவுக்கும் ஐந்து சீடர்களுக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற பெருமிதம் அந்தச் சிரிப்பில் கலந்திருக்கிறது. தெனாலிராமன் கதைகளும் இப்படியே. கதை முடிந்ததும், “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். சிரித்த வாய் மூடிக்கொள்ளும்.

பத்து முதல் பதின்மூன்று வரையுள்ள பருவமே நான் மிகவும் கவலைப்படும் பருவம். படிக்கும் பழக்கம் வேர்விடுவதும் அறுபடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். பள்ளிப் பாடம் கனக்கத் தொடங்குகிறது. படிப்பு என்றாலே தேர்வு என்ற பொருள் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஓய்ந்த நேரத்துக்குக் கைப்பேசி காத்திருக்கிறது. இந்த நேரத்தில் அறிவுரைத் தொகுப்பு ஒன்றைக் கையில் கொடுத்தால், பிள்ளை அடுத்த புத்தகத்தை ஏறெடுத்தும் பாரான்.

இங்கு இலக்கிய வரலாறு நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. 1719இல் வெளிவந்த ராபின்சன் குரூசோ சிறுவருக்காக எழுதப்பட்டது அன்று. 1726இல் வெளிவந்த கலிவரின் யாத்திரைகளோ, அக்கால அரசியலைக் கடுமையாக எள்ளி நகையாடிய நூல். இரண்டையும் சிறுவர்கள் தாங்களாகவே தமக்கு உரியனவாக்கிக்கொண்டார்கள். குரூசோவின் நீண்ட சமயச் சிந்தனைகளை அவர்கள் தாண்டிச் சென்றார்கள். உடைந்த கப்பலிலிருந்து அவன் எவ்வெப் பொருள்களைக் கரை சேர்த்தான், வேலி எப்படிக் கட்டினான், ஆடுகளை எப்படி வளர்த்தான் என்பதே அவர்களுக்கு வேண்டியிருந்தது. மணலில் வீடு கட்டி விளையாடிய கைக்கு அதைவிட இனிய கதை ஏது? வேண்டியதைப் படித்து வேண்டாததைத் தாண்டும் உரிமையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்.

இப்பருவத்துக்கு நான் தயங்காமல் சொல்லக்கூடிய நூல் ஒன்று உண்டு. ஜப்பானியப் பெண்மணி டெட்சுகோ குரோயனாகி 1981இல் வெளியிட்ட டோட்டோ-சான் அது. நேஷனல் புக் டிரஸ்ட் அதனைத் தமிழில் தந்திருக்கிறது. வகுப்பில் மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடியும், சன்னலருகே நின்று தெருப் பாடகர்களை அழைத்தும் ஆசிரியரின் பொறுமையைச் சோதித்த சிறுமியை ஒரு பள்ளி வெளியேற்றிவிடுகிறது. அவள் சேரும் புதிய பள்ளியில் ரயில் பெட்டிகளே வகுப்பறைகள். முதல் நாளன்று தலைமையாசிரியர் கோபயாஷி, நான்கு மணி நேரம் அவள் பேசுவதை அமர்ந்து கேட்கிறார். பத்து வயதுச் சிறுமி இதை ரயில் பெட்டிகளுக்காகப் படிப்பாள். கல்லூரி மாணவி அந்த நான்கு மணி நேரத்துக்காகப் படிப்பாள். அப்பள்ளி 1945இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோவதைப் படிக்கும்போது இருவருமே சற்று நேரம் பேசாதிருப்பார்கள். அட்டையில் அச்சிடும் வயதுக் குறிப்பை நான் அதிகம் நம்பாததற்கு இத்தகைய நூல்களே காரணம். எழுத்தின் அளவையும் சொல்லின் எளிமையையும் அக்குறிப்பு தெரிவிக்கலாம்; பிள்ளையின் மனத்தை அது அறியாது. பூச்சிகளின் மேல் ஆசைகொண்ட ஒன்பது வயதுச் சிறுவன், பூச்சிகளைப் பற்றியதாயின் பதினான்கு வயதுக்குரிய நூலையும் படித்துவிடுவான்.

கனமான பொருளைச் சிறுவர் நூலில் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கதை முதலில் கதையாக இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, வெளியே சொல்ல முடியாத துன்பத்துக்கு ஆளான சிறுமியையும் ஒரு மரப்பொம்மையையும் வைத்துப் பின்னப்பட்டது. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்ற நூல் அது. படக்கதைகளையும் இகழ வேண்டுவதில்லை. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸைப் போர்வைக்குள் ஒளித்துப் படித்த சிறுவர்கள், விரைந்து படிக்கும் ஆற்றலை அங்கேதான் பெற்றார்கள்.

பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிறர் தேர்ந்து கொடுப்பது அவ்வளவாக எடுபடாது. வழி காட்டினால் போதும். கல்கியின் பொன்னியின் செல்வனை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். ஐந்து பாகங்களின் பருமனைக் கண்டே பின்வாங்குபவர்கள், பார்த்திபன் கனவில் தொடங்கலாம். அது அளவில் சிறியது. அந்தச் சிவனடியார் யார் என்ற புதிர் பக்கங்களைத் தானே புரட்ட வைக்கும். தாத்தாவின் பெட்டியிலிருந்து பழைய பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான அந்தப் பதிப்பில், ‘லை’, ‘னை’ முதலிய எழுத்துகள் யானைத் தும்பிக்கை போல் வளைந்திருக்கும். பத்துப் பக்கம் தடுமாறும். பிறகு ஏதோ இரகசிய எழுத்தைப் படிப்பது போன்ற களிப்பே உண்டாகும்.

கல்லூரியில் படிப்பவர்களுக்கு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இருக்கிறது. பெரும்புலவரின் வரலாறு என்று அஞ்சி ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல ஆசிரியரைத் தேடி, குடும்பத்தின் வறுமைக்கிடையே ஊர் ஊராக அலைந்த ஓர் இளைஞனின் கவலைகளே அதன் முற்பகுதி முழுவதும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பவற்றை 1931லேயே நூலகத்தின் விதிகளுள் வைத்தார். அவர் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் இங்கே வாங்கப்படுகிறது. எனவே ஊர் நூலகத்திலுள்ள புத்தகங்களுக்கு உங்கள் குடும்பம் முன்னரே பணம் கொடுத்துவிட்டது. வரும் விடுமுறை நாளில் தம்பியை அங்கே அழைத்துச் செல்லுங்கள். மூன்று புத்தகங்களை அவனே எடுக்கட்டும். ஒன்றை இருபதாம் பக்கத்தில் மூடிவிட்டால் ஏன் என்று கேட்க வேண்டாம். மற்றொன்றை மூன்றாம் முறை படித்தாலும் தடுக்க வேண்டாம். அடுத்த முறை எந்த அலமாரிப் பக்கம் போவது என்று அவனே உங்களுக்குச் சொல்வான்.