புது பெட்டரி வாங்கும் முன் மீட்டரை வையுங்கள்

(மன்னார்ப் பகுதியில் குடியேறி வாழும் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் முன்னோர் இந்தக் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். 1977லும் 1983லும் வன்செயல் துரத்த, நம்மில் பலர் மலையை விட்டு இந்தப் பக்கம் வந்தோம். இன்று கூலி வேலைக்கும், இரவில் ஆஸ்பத்திரிக்கும் நமக்கு மோட்டார் சைக்கிள்தான். அது நின்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

"புது பெட்டரி போட்டும் ஒரு கிழமையில் செத்துப்போச்சு" என்று பலர் சொல்கிறீர்கள். பெட்டரி ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி. குழாய் அடைத்திருந்தால் புதுத் தொட்டியும் காலியாகும். எஞ்சினோடு சுற்றும் காந்தத்தால் கொயிலில் மின்சாரம் பிறக்கிறது. ரெகுலேட்டர் அதைப் பக்குவப்படுத்திப் பெட்டரிக்கு அனுப்புகிறது. இதில் எது கெட்டாலும் பழி பெட்டரி மேல்தான்.

மல்டிமீட்டரில் இரண்டு அளவு பாருங்கள். வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்தபின் 12 வோல்ட் பெட்டரி 12.6க்குக் குறையக்கூடாது. குறைந்தால் முதலில் மெதுவாகச் சார்ஜ் செய்யுங்கள். 5 ஆம்பியர்-அவர் பெட்டரிக்கு அரை ஆம்பியர் போதும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் முறுக்கிப் பாருங்கள். 13.5க்கும் 14.5க்கும் இடையில் நின்றால் சார்ஜ் சரி. அப்படியும் காலையில் பெட்டரி இறங்கியிருந்தால், தனியாகப் பூட்டிய லைட், அலாரம் எதுவும் சாவி மூடியபின் கரண்ட் குடிக்கிறதா என்று பாருங்கள்.

15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கும்; புது பெட்டரியும் கொதித்துச் சாகும்.

அளவு ஏறவே இல்லையென்றால் முதலில் பியூஸ், பெட்டரி முனைகள், எர்த் வயர். இங்கே சோளகக் காற்று உப்பைக் கொண்டுவந்து வயர் இணைப்புகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்க வைக்கிறது. கழற்றி, சுரண்டி, துடைத்து, கிரீஸ் பூசுங்கள். செலவில்லாமல் தீருகிற கோளாறு இது. அதற்கும் சரிவராவிட்டால் கொயிலை அளக்கச் சொல்லுங்கள். ஒரே நிறத்தில் மூன்று வயர் வரும் வண்டியில், எஞ்சின் ஓடும்போது எந்த இரண்டை அளந்தாலும் ஏசி வோல்ட் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். கொயிலும் வயரும் சரியென்றால் மிச்சம் ரெகுலேட்டர்தான்.

சோதிக்கிறோம் என்று ஓடும் எஞ்சினில் பெட்டரியைக் கழற்றாதீர்கள். பல்பும் ரெகுலேட்டரும் எரியலாம். கழற்றும்போது முதலில் மைனஸ் வயர். சார்ஜ் ஏறும் பெட்டரிக்குப் பக்கத்தில் பீடி வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும்.

சம்பளச் சிட்டையில் எதற்குக் காசு பிடித்தார்கள் என்று கேட்கப் பழகினோம். கராஜிலும் அப்படியே கேட்போம். கிளைக்கு ஒரு மீட்டர் பொதுவில் வாங்குவோம். அளவுகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனால், தேவையில்லாத சாமானை யாரும் நம் தலையில் கட்டமுடியாது.

அடுத்த கூட்டத்துக்கு வண்டியோடு வாருங்கள். அளந்தே காட்டுவோம்.