தினம் ஒரு படி

நான் பத்தாவது வரைதான் படிச்சவ. மைக் முன்னாடி நிக்கிறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

போன வருஷம் மாசி மாதம் குழுவில் 6,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். மாதம் 1,000 வீதம் ஆறு தவணை. வெயில் காலம் வருதே, கூழ் வத்தல் போட்டு விற்கலாம் என்று ஆசை. ஒரேயடியாக 40 கிலோ பச்சரிசி வாங்கி அரைத்தேன். பெரிய அண்டா வாங்கினேன். கூலிக்கு இரண்டு பேரை வைத்து, இரண்டே நாளில் மாடி முழுக்கப் பிழிந்தோம். அன்று ராத்திரியே மழை கொட்டியது. அப்புறம் மூன்று நாள் வெயிலே இல்லை. வத்தல் பூராவும் பூசணம் பூத்துப்போச்சு. என் கையாலேயே குப்பைக்குழியில் கொட்டினேன்.

பங்குனித் தவணை கட்டல. சித்திரைத் தவணையும் கட்டல. தலைவலின்னு சொல்லி அனுப்பிட்டுக் கூட்டத்துக்கும் போகல. ஒரு நாள் சாயங்காலம் குழுவில் நாலு பேர் வீட்டுக்கே வந்துட்டாங்க. சண்டைக்குத்தான் வந்திருக்காங்கன்னு நினைச்சு அடுப்படியிலேயே நின்னேன்.

ஊக்குநர் அக்கா உள்ளே வந்து, "கடன் வாங்கினது தப்பில்ல தங்கச்சி. அகலக்கால் வச்சுட்ட. இனிமே தினம் ஒரு படி அரிசி மட்டும் போடு"ன்னாங்க.

"எனக்கு நேரம் ஏதுக்கா?"ன்னு அழுதுட்டேன்.

"பணத்துக்குக் கணக்கு எழுதுறோமே, நேரத்துக்கும் ஒரு வாரம் எழுதிப் பாரு"ன்னாங்க.

மகளோட பழைய நோட்டில் எழுதினேன். குழாயடியில் காத்து நிற்பது மட்டும் தினம் ஒரு மணி நேரம். டி.வி. சீரியல் ஒன்றரை மணி நேரம். சமையல், பாத்திரம், துணி, மாடு என்று எழுதி மாளவில்லை. நோட்டை வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் குடத்தை வண்டியில் கட்டிக்கிட்டு அவரே தண்ணிக்குப் போனார்.

சித்திரை பாதியில் ஆரம்பித்தேன். முதல் நாளே அரிசி அரைத்து வைப்பேன். காலை 4.30 மணிக்கு எழுந்து, உப்பு, பச்சைமிளகாய், சீரகம் சேர்த்துக் கூழ் காய்ச்சி, வெயில் ஏறுவதற்குள் துணியில் பிழிந்துவிடுவேன். சாயங்காலம் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வத்தல் உடையாமல் உரியும். மறுநாளும் காய வைப்பேன். மேகம் போட்டிருந்தால் அன்றைக்குப் பிழிய மாட்டேன். ஒரு படி மாவுதானே, உளுந்து சேர்த்துத் தோசைக்கு ஆயிடும்.

செலவு போக ஒரு படிக்கு 150 ரூபாய் நின்றது. வைகாசி முடிய 40 நாள் போட்டேன். கையில் 6,000 ரூபாய். நின்றுபோன மூன்று தவணையையும் ஆனித் தவணையையும் வட்டியோடு கட்டினேன். மீதியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது மகளுக்கு நோட்டும் செருப்பும் வாங்கினேன். ஆவணியில் கடன் முடிந்தது.

கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு எழுதுதல் என்று பஞ்ச சூத்திரம் சொல்கிறோம். அதில் கூட்டத்தை ஏன் முதலில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் ஒளிஞ்சுக்கிட்டேன். அவங்க தேடி வரலேன்னா நகையை அடகு வச்சிருப்பேன்.

இப்போ மறுபடியும் பங்குனி வந்தாச்சு. என் மாடியில் துணி விரிச்சாச்சு. நீங்களும் எது செய்தாலும், கெட்டுப்போனால் தாங்குற அளவுக்கு ஆரம்பிங்க. ஒரு வாரம் நேரத்தை எழுதிப் பாருங்க, வீட்டில் இருக்கிறவங்களுக்கும் காட்டுங்க. தவணை கட்ட முடியலேன்னாலும் கூட்டத்துக்கு மட்டும் வந்துடுங்க.