தூபக்காலில் போடும் கட்டி



வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் மலேசியாவின் சுங்கை வே பக்கம் போனால், எந்த வீட்டில் விளக்கேற்றிவிட்டார்கள் என்பதை மூக்கே சொல்லிவிடும். அந்தச் சாம்பிராணி எந்த ஊர்ச் சரக்கு? கேட்டால் பலரும் அரபு நாடு என்பார்கள். ஓமானின் தோபார் மலைகளில் கிடைப்பது குந்திரிக்கம். மாதா கோயில் தூபத்தில் மணப்பது அது. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பூசைச் சாமான் கடையில் நாம் வாங்கும் பழுப்புக் கட்டி பெரும்பாலும் வேறொரு மரத்தின் பிசின். மலாய்க்காரர்கள் கெமெனியான் என்பார்களே, அதுதான்.

வருவது எதிர்க்கரையிலிருந்து. சுமத்ராவில் தோபா ஏரியைச் சுற்றிய மலைகளில் பாத்தாக் மக்கள் அந்த மரத்தின் பட்டையைக் கொத்திக் காயப்படுத்துகிறார்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகள் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள். ஒன்று மட்டும் வேறு: ரப்பர்ப் பால் அன்று காலையிலேயே கோப்பைக்கு வந்துவிடும், இது வடிந்து உறைய மூன்று நான்கு மாதம் ஆகும்.

தமிழர்கள் இந்தப் பக்கம் வந்த கதையை நாம் ரப்பர்த் தோட்டத்திலிருந்தே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் கதை அதற்கு வெகு காலம் முன்பே தொடங்குகிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்றொரு பழைய துறைமுகம். கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போனது. அதன் அருகே லோபு துவாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088-இல், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழு வெட்டி வைத்தது. கப்பல்காரர்கள் பொன்னாகக் கட்ட வேண்டிய தொகையைப் பற்றி அந்தக் கல்வெட்டு பேசுகிறது. வாசனைச் சரக்கில் நம்மவர்கள் கணக்கு வழக்கோடுதான் இருந்திருக்கிறார்கள்.

கணக்குப் பார்க்காதவரும் ஒருவர் உண்டு. திருக்கடவூர் குங்கிலியக் கலய நாயனார். வீட்டில் பிள்ளைகள் பட்டினி. நெல் வாங்கி வாருங்கள் என்று மனைவி தாலியைக் கழற்றிக் கொடுக்கிறார். இவரோ வழியில் குங்கிலியம் என்ற தூபப் பிசின் மூட்டையைக் கண்டதும் தாலியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போய்விட்டார். இந்தக் காலத்தில் யாராவது செய்து பார்க்கட்டும்!

சரி, கடையில் எதைப் பார்த்து வாங்குவது? நல்ல கட்டியை உடைத்தால் பழுப்புக்கு நடுவே பாதாம் பருப்பு நிறத்தில் வெள்ளைத் துண்டுகள் தெரியும். கொட்டாங்குச்சிக் கங்கில் பொடியைத் தூவினால் உருகி, பொரிந்து, வெண்புகையாக எழும்; வெனிலா போல ஓர் இனிப்பு வாசம். கிண்ணம் கிண்ணமாக விற்கும் கம்ப்யூட்டர் சாம்பிராணியில் முக்கால்வாசியும் கரித்தூளும் மரத்தூளும் வாசனைத் திரவியமும்தான். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புகையில் கரி வாசம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

பிள்ளை பெற்ற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. குளிப்பாட்டியதும் குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது நம் வழக்கம். தோட்டத்து லயத்து வீட்டில் காற்று தாராளமாக வரும், புகை நிற்காது. அடைத்த அடுக்குமாடி வீட்டில் அதே புகை பச்சைக் குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. தாயின் ஈரத் தலைமுடிக்கு மட்டும் காட்டுங்கள். அதுவும் சன்னலைத் திறந்து வைத்து, குழந்தையைப் பாட்டியிடம் அடுத்த அறையில் கொடுத்துவிட்டு.